பேட்டரிக்கு இடம் உண்டு. டிரைவர் தலை சாய்க்க இடம் இல்லையா?

மின்சார லாரி வந்துவிட்டது என்று கம்பெனிகள் தம்பட்டம் அடிக்கின்றன. புகை இல்லை, இரைச்சல் இல்லை, டீசல் செலவு இல்லை என்று பக்கம் பக்கமாக விளம்பரம். மத்திய சர்க்காரும் கஜானாவைத் திறந்திருக்கிறது. பி.எம். இ-டிரைவ் என்ற திட்டத்தில் மின்சார லாரிகளுக்கென்று 500 கோடி ரூபாய் ஒதுக்கி, வண்டி ஒன்றுக்கு 9 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் வரை சலுகை உண்டென்று 2025 ஜூலையில் அறிவித்தது.

நல்லது, வரட்டும். டீசல் புகையை எல்லோருக்கும் முதலில் குடித்தவன் லாரி டிரைவர். காலுக்கடியில் எஞ்சின் கொதிக்க, சித்திரை வெயிலில் வெந்தவனும் அவன்தான். அந்த எஞ்சின் ஒழிந்தது என்றால் நாம் ஏன் அழ வேண்டும்? ஆனால் விளம்பரத்தில் வராத ஒரு கேள்வியை நாம் கேட்கிறோம். நூற்றுக்கணக்கான மைல் ஓட்டிவிட்டு நடுநிசியில் வண்டியை ஓரங்கட்டும் டிரைவர், அந்த மின்சார லாரியில் எங்கே படுக்கிறான்? அவன் தலைமாட்டில் இருப்பது என்ன?

மில்லில் இருக்கிற நமக்கும் வயலில் இருக்கிற நமக்கும் இதில் என்ன என்று யாரும் நினைக்க வேண்டாம். பஞ்சு பேல் மில்லுக்கு வருவதும், நூல் மூட்டை போவதும், நெல்லும் கரும்பும் ஏறுவதும் லாரியில். நம் குடும்பங்களிலிருந்துதான் பையன்கள் கிளீனராகப் போய் டிரைவராகத் திரும்புகிறார்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். இன்று கனரக லாரிகளில் பெரும்பாலும் வைக்கும் பேட்டரியில், ஒரு யூனிட் மின்சாரத்தை அடைத்து வைக்க ஆறு ஏழு கிலோ எடை வேண்டும். 300 யூனிட் பேட்டரி என்றால் இரண்டு டன். 600 யூனிட் என்றால் நான்கு டன்னுக்கும் மேல். ஜெர்மனியின் மெர்சிடிஸ் கம்பெனி செய்யும் 'இ-ஆக்ட்ரோஸ் 600' என்ற நெடுந்தூர லாரியில் 207 யூனிட் வீதம் மூன்று பெட்டி, மொத்தம் 621 யூனிட். இத்தனை பெரிய சரக்கை வண்டியில் எங்கே வைப்பது? டீசல் டாங்க் போலப் பக்கவாட்டில் ஒன்றைத் தொங்கவிட்டு முடிகிற காரியமல்ல.

இடம் நான்குதான். சேஸின் இரண்டு பக்கமும், பழைய டீசல் டாங்க் இருந்த இடத்தில் மாட்டலாம். சேஸின் இரு சட்டங்களுக்கு நடுவே வைக்கலாம். எஞ்சின் இருந்த பள்ளத்தில், அதாவது கேபினுக்கு அடியில் வைக்கலாம். அல்லது கேபினுக்கு முதுகுப்புறம், பீரோவை நிமிர்த்தி வைத்ததுபோல் அடுக்கலாம். ஒவ்வொன்றிலும் ஒரு சங்கடம் உண்டு. பக்கவாட்டில் வைத்தால் பக்கத்திலிருந்து வரும் மோதலை அது வாங்கும். அடியில் வைத்தால் நேர் மோதலை வாங்கும். முதுகில் அடுக்கினால் வண்டியின் கனம் மேலே ஏறி, வளைவில் ஆட்டம் காணும்; சடன் பிரேக் போட்டால் இத்தனை டன் சுமையும் கேபினைப் பார்த்துத்தான் தள்ளும்.

ஆக, இது எஞ்சினீயர் மட்டும் உட்கார்ந்து தீர்க்கிற விஷயமல்ல. எந்தச் சங்கடத்தை யார் தலையில் கட்டுவது என்பதுதான் இங்கே பிரச்னை. அது எப்போதும் யார் தலையில் விழும் என்று நமக்குத் தெரியாதா?

அரை முழம் படுக்கையும் அளவு நாடாவும்

இந்தக் கதை பேட்டரி வருவதற்கு முன்பே தொடங்கியது. ஐரோப்பாவில் டிரெய்லரோடு சேர்த்து லாரியின் மொத்த நீளம் 16.5 மீட்டர் என்று சட்டம் வைத்தார்கள். சரக்கு டிரெய்லர் மட்டும் 13.6 மீட்டர். மிச்சத்தில் என்ன இருக்கும்? கேபினை நெருக்கி எஞ்சின் மேலேயே உட்கார வைத்தார்கள். படுக்கை சீட்டுக்குப் பின்னால் ஒரு பலகையாக ஒண்டியது. அமெரிக்காவில் 1982-ல் கொண்டுவந்த சட்டமோ டிரெய்லரின் நீளத்தைத்தான் அளந்தது. இழுக்கும் வண்டியை அளக்கவில்லை. அங்கே டிரைவருக்கு ஒரு சின்ன அறையே கிடைத்தது. அமெரிக்க முதலாளிக்கு டிரைவர் மேல் பாசம் பொங்கியா கிடைத்தது? இல்லை. அளவு நாடா எங்கே முடிகிறதோ அங்கே மனிதனுக்கு இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

இப்போது அதே நீளத்தில் பங்கு கேட்டு மூன்றாவது ஆள் வந்திருக்கிறான். சரக்குக்கு ஒரு பங்கு, டிரைவருக்கு ஒரு பங்கு என்றிருந்த இடத்தில் பேட்டரி வந்து நிற்கிறது. சரக்கு விட்டுக்கொடுக்குமா? டன் ஒன்றுக்கு வாடகை எண்ணுகிறவன் ஒரு சாண் விடமாட்டான். பேட்டரியைக் குறைத்தால் கிலோமீட்டர் குறையும். மிஞ்சியிருப்பது டிரைவரின் படுக்கை. ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்துக் கடைசியில் மனுஷனைக் கடித்த கதை!

முதுகில் பீரோ வைக்கிற ஏற்பாட்டைப் பாருங்கள். சீனாவில் இது ஆயிரக்கணக்கில் ஓடுகிறது. சார்ஜ் தீர்ந்ததும் மேலிருந்து கிரேன் இறங்கி, காலிப் பேட்டரியைத் தூக்கிவிட்டு நிறைந்ததை வைக்கும். ஐந்து நிமிஷ வேலை. 282 யூனிட் பேட்டரி, சட்டத்தோடு ஏறத்தாழ மூன்று டன். வண்டி காத்திருக்காது, முதலாளிக்கு லாபம். நம் நாட்டிலும் பேட்டரி மாற்றும் கனரக லாரிகள் 2025 முதல் வரத் தொடங்கிவிட்டன. மேலிருந்து தூக்குவது எளிது, நிலையம் கட்டச் செலவும் குறைவு; அதற்காகத்தான் இந்த இடம். டிரைவரின் படுக்கைக்கும் மூன்று டன் மின்சாரத்துக்கும் நடுவே இருப்பது கேபினின் பின்சுவர் ஒன்று.

வேறு வழியே இல்லையா? இருக்கிறது. மேலே சொன்ன இ-ஆக்ட்ரோஸில் மூன்று பெட்டியும் சேஸில், அச்சுகளுக்கு நடுவே இருக்கின்றன. கேபினில் படுக்கையும் இருக்கிறது. சீனாவிலேயே சி.ஏ.டி.எல். என்ற பேட்டரிக் கம்பெனி, சேஸில் வைத்து மாற்றும் ஏற்பாட்டை 2023-ல் வெளியிட்டது. முடியாது என்பது பொய். செலவாகும் என்பதுதான் உண்மை.

ஐந்து நிமிஷ சட்டம்

இப்போது சட்டத்துக்கு வருவோம். இங்கேதான் வயிறு எரிகிறது.

லித்தியம் பேட்டரியில் ஒரு செல் உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் சூடேறும். அந்தச் சூட்டில் பக்கத்துச் செல் கெடும். அது அடுத்ததைக் கெடுக்கும். வைக்கோல் போரில் ஒரு பொறி விழுந்தால் எப்படியோ அப்படி. ஆனால் வைக்கோலுக்கு வெளிக்காற்று வேண்டும். இது மூடிய பெட்டிக்குள்ளேயே தன் சூட்டால் தானே வளரும். தீ தெரிவதற்கு முன்பே வாயு கக்கும். அதில் ஹைட்ரஜன் உண்டு, மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு உண்டு, நுரையீரலை அரிக்கும் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு உண்டு.

இதற்காக ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதாரக் கமிஷன் 100-ம் எண் விதி என்று ஒன்று வைத்திருக்கிறது. அதன் புதிய திருத்தம் சொல்வது இது: ஒரு செல் கெட்டு அது பரவினால், உள்ளே இருப்பவர்களுக்கு ஆபத்து வருவதற்கு 5 நிமிஷம் முன்பாவது எச்சரிக்கை கிடைக்க வேண்டும். யாருக்கு எச்சரிக்கை? டிரைவருக்கு. எப்போது? வண்டி ஓட்டத் தயாராய் ஆன் செய்து இருக்கும் நிலையில். எச்சரிக்கை விளக்காக இருந்தால், வண்டி ஓட்டும்போது பகலிலும் இரவிலும் டிரைவர் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் வேண்டும் என்றும் அக்கறையாய் எழுதியிருக்கிறார்கள். நம் நாட்டில் 2022-ல் மின்சார ஸ்கூட்டர்கள் வரிசையாய்ப் பற்றி எரிந்த பிறகு பேட்டரி விதிகளைத் திருத்தினார்கள். கார், பஸ், லாரிகளுக்கான ஏ.ஐ.எஸ். 038 என்ற விதியின் இரண்டாம் திருத்தம் இந்த 100-ம் எண் விதியின் அச்சில் வார்த்ததுதான்.

இந்த விதியை எழுதியவர்கள் மனதில் இருந்த டிரைவர் யார்? விழித்திருப்பவன். சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணெதிரே விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருப்பவன். அவனுக்கு 5 நிமிஷம் தாராளம். கதவைத் திறந்து குதித்து நூறு கெஜம் ஓடிவிடுவான். படுக்கையில் கிடப்பவனோ, திரையை இழுத்துவிட்டு, முகத்தில் துண்டைப் போட்டு, செத்த பிணம்போல் தூங்குகிறான். டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தால் அவனுக்கு என்ன தெரியும்? வண்டியை அணைத்துவிட்டுப் படுத்திருக்கிறான். அந்த நிலைக்கு விதி வாய் திறக்கவில்லையே! புகை நாற்றம் எழுப்பிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தூங்குகிறவனின் மூக்கும் தூங்கும்.

அமெரிக்காவில் கட்டடங்களுக்கு ஒரு தீ எச்சரிக்கைத் தரம் இருக்கிறது. ஜனங்கள் தூங்கும் அறையில் அபாய மணியின் சத்தம், தலையணை இருக்கும் இடத்தில் குறைந்தது 75 டெசிபல் கேட்க வேண்டும் என்கிறது. (தலையணை என்ற சொல் ஒரு சட்டப் புத்தகத்தில் ஏறியிருப்பதை நினைத்தால் நமக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. தூங்குகிறவனை மனதில் வைத்து எழுதத் தெரியாதவர்கள் அல்ல இவர்கள்.) லாட்ஜில் தூங்குகிற பிரயாணிக்குத் தலையணைக் கணக்கு; லாரியில் தூங்குகிற தொழிலாளிக்கு டாஷ்போர்டு விளக்கு!

அதே அமெரிக்காவின் லாரிச் சட்டத்தில் படுக்கைக்கென்று தனி விதியும் உண்டு. ஆறேகால் அடி நீளம், இரண்டடி அகலத்துக்குக் குறையக் கூடாது. எஞ்சின் புகையோ எரிபொருள் வாயுவோ கசிந்து படுக்கைக்குள் நுழையாதபடி இடம் அமைய வேண்டும். புகைக்குழாய்ச் சூடு அதைத் தாக்கக் கூடாது. நல்ல விதி. ஆனால் அது பேசுவதெல்லாம் எரிபொருளையும் புகைக்குழாயையும் பற்றித்தான். டாங்க்கைப் பார்த்துப் பயந்த சட்டம் பேட்டரியைப் பார்த்து இன்னும் கண் விழிக்கவில்லை.

காருக்கு ஒரு நீதி, லாரிக்கு ஒரு நீதி

100-ம் எண் விதியில் இன்னொரு சங்கதி. காருக்கும் சிறு வேனுக்கும் வைக்கும் பேட்டரியை 100 கிலோ நியூட்டன், அதாவது பத்து டன் கனத்துக்குச் சமமான விசையால் நசுக்கிப் பார்க்க வேண்டும்; வெடிக்கக் கூடாது, எரியக் கூடாது. இந்தச் சோதனை கனரக லாரிக்கு இல்லை. மோதல் அதிர்ச்சிச் சோதனையிலும் காருக்கு 20 மடங்கு புவியீர்ப்பு என்றால், கனரக லாரிக்கு 6.6 மடங்கு போதும். மூன்றில் ஒரு பங்கு!

நிபுணர்கள் காரணம் சொல்வார்கள். லாரி கனமானது, உயரமானது. காரோடு மோதினால் லாரிக்கு அதிர்ச்சி குறைவு என்பார்கள். காரோடு மோதினால் சரி. லாரி லாரியோடு மோதினால்? பாலத்துத் தூணோடு மோதினால்? புளியமரத்தோடு மோதினால்? நம் நெடுஞ்சாலைகளில் நிற்கிற டிரெய்லரின் பின்புறத்தில் போய்ச் சொருகுகிற லாரிகளை வாரம் தவறாமல் பேப்பரில் பார்க்கிறோமே!

2024 ஆகஸ்ட் 19 அன்று அமெரிக்காவில் கலிபோர்னியா மலைப்பாதையில் டெஸ்லா கம்பெனியின் மின்சார லாரி ஒன்று சாலையை விட்டு விலகி மரங்களில் மோதித் தீப்பிடித்தது. ஓட்டியவர் தப்பினார். தீயையும் சூட்டையும் அடக்க ஏறத்தாழ 50,000 காலன் தண்ணீர் செலவாயிற்று. அவர்கள் காலன் கணக்கில் கிட்டத்தட்ட 1 லட்சத்து 90 ஆயிரம் லிட்டர். நெடுஞ்சாலை பல மணி நேரம் மூடிக் கிடந்தது. அந்த வண்டி பகல் ஓட்டத்துக்கானது. அதில் படுக்கை கிடையாது. இரட்டை டிரைவர் வண்டியாக இருந்து, ஒருவர் ஓட்ட ஒருவர் படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மோதினால்தான் எரியும் என்பதுமில்லை. 2023 ஜூனில் அரிசோனாவில் நிக்கோலா என்ற கம்பெனியின் சொந்த வளாகத்திலேயே நிறுத்தி வைத்திருந்த மின்சார லாரிகள் எரிந்தன. யாரோ சதி செய்தார்கள் என்று கம்பெனி முதலில் சந்தேகம் கிளப்பியது. ஆகஸ்டில், பேட்டரிப் பெட்டிக்குள் குளிரூட்டும் திரவம் கசிந்ததுதான் காரணமாக இருக்கக் கூடும் என்று ஒப்புக்கொண்டு 209 லாரிகளைத் திரும்ப அழைத்தது. 2025 பிப்ரவரியில் அந்தக் கம்பெனியே திவாலாயிற்று. நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. எரிந்தது ஓடிய லாரி அல்ல, நின்ற லாரி. நிற்கிற லாரியில் என்ன நடக்கும்? டிரைவர் தூங்குவான்.

அவர்கள் சொல்லும் சமாதானங்கள்

பேட்டரித் தீ அபூர்வம் என்பார்கள். இருக்கட்டும், டீசலை விடக் குறைவாகவே பற்றும் என்றும் வைத்துக்கொள்வோம். மில்லில் பாய்லர் வெடிப்பதும் அபூர்வம்தான். அதனால் பாய்லரை யாரும் பரிசோதிக்காமல் விட்டார்களா? 1923-லேயே அதற்குத் தனிச் சட்டம் வந்தது. எந்த மில் மானேஜராவது பாய்லர் பக்கத்தில் பாய் விரித்துத் தூங்கு என்று நம்மிடம் சொன்னால் நாம் சும்மா இருப்போமா?

இது இரும்பு பாஸ்பேட் பேட்டரி, பழைய ரகம்போல் எரியாது என்பார்கள். பாதி உண்மை. அது கெடுவதற்கு அதிகச் சூடு வேண்டும். கெட்டாலும் உக்கிரம் குறைவு. ஆனால் எரியாவிட்டாலும் வாயு கக்கும். மூடிய கேபினில் தூங்குகிறவனுக்கு நெருப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, வாயுவே போதும். அத்தனை பத்திரம் என்றால் சீனா ஏன் சட்டத்தை மாற்றியது? அங்கேயும் முன்பு 5 நிமிஷ எச்சரிக்கைதான் இருந்தது. 2025-ல் வெளியிட்ட புதிய தரம், செல் கெட்டாலும் பேட்டரி எரியவும் கூடாது வெடிக்கவும் கூடாது என்கிறது. 2026 ஜூலை 1 முதல் அமல் என்று நாள் குறித்தார்கள். அங்கே முடியுமானால் இங்கே ஏன் முடியாது?

மூன்றாவது சமாதானம்தான் மகா கபடம். டிரைவர் எதற்கு வண்டியில் தூங்க வேண்டும், விடுதியில் தூங்கட்டுமே என்பார்கள். ஆஹா! கொடுங்கள், நாம் கும்பிட்டு வாங்கிக்கொள்கிறோம். நெடுஞ்சாலைகளில் முதல் கட்டமாக 1,000 ஓய்வு விடுதிகள் என்று பிரதமர் 2024 பிப்ரவரியில் அறிவித்தார். எந்த டிரைவரையாவது நிறுத்தி, போன வாரம் எந்த விடுதியில் தூங்கினாய் என்று கேளுங்கள்! வண்டிக்கு அடியில் கட்டிய தொட்டிலில் தூங்கினேன், தார்ப்பாய் மேல் தூங்கினேன் என்பான். வண்டியையும் சரக்கையும் விட்டுப் போனால், திருட்டுப் போனதற்கெல்லாம் அவன் சம்பளத்தில் பிடிப்பு. ஐரோப்பாவில் வாரத்துக்கொரு முறை எடுக்கும் நீண்ட ஓய்வை வண்டியில் கழிக்கக் கூடாது என்று 2017-ல் நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. அங்கேயும் தினசரி ஓய்வு வண்டியில்தான் நடக்கிறது. வண்டிப் படுக்கை டிரைவரின் ஆடம்பரமல்ல. அவன் எழுந்து மறுபடி ஓட்டுவதற்கு அதுதான் வழி. தூக்கம் கெட்ட டிரைவர் 55 டன்னோடு வரும் சாலையில்தான் நம் பெண்கள் நடவு முடிந்து வருகிறார்கள், நம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

இதற்கு மேல் இன்னொரு தந்திரமும் வருகிறது. சார்ஜ் ஏறுகிற ஒன்றிரண்டு மணி நேரத்தை டிரைவரின் ஓய்வு என்று கணக்கெழுதுவது. பேட்டரிக்குள் மின்சாரத்தை வேகமாய்த் திணிக்கிற நேரம் அது. அப்போது அவன் அதன்மேல் படுத்துத் தூங்க வேண்டுமாம்! நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று 1961-ம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அந்தத் தனிச் சட்டமும் போயிற்று. 2025 நவம்பர் 21 முதல் அதைப் புதிய தொகுப்புச் சட்டத்துக்குள் கரைத்துவிட்டார்கள். வேலை எது, ஓய்வு எது என்று எழுதுகிற பேனா யார் கையில் இருக்கிறது என்பதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

நீளமும் எடையும் இடம் கொடுக்கவில்லை என்பது கடைசிச் சாக்கு. இதற்குப் பதில் அவர்களே கொடுத்துவிட்டார்கள். மின்சார லாரிக்கு ஐரோப்பா 2 டன் கூடுதல் எடை அனுமதித்தது. அமெரிக்கா 2,000 பவுண்டு அனுமதித்தது. எதற்காக? பேட்டரியின் கனத்தால் சரக்கு குறைந்து, முதலாளி நஷ்டப்படக் கூடாது என்பதற்காக. சரக்குக்காகச் சட்டம் வளையுமென்றால், படுக்கைக்கு ஒரு முழம் நீளம் கேட்டால் மட்டும் அது ஏன் இரும்பாகிறது?

நம் கோரிக்கை அப்படியொன்றும் ஆகாயத்துக் கோட்டையல்ல. நெடுந்தூரம் போகும் மின்சார லாரியில் படுக்கை கட்டாயம் வேண்டும். அந்தப் படுக்கைக்கு நேர் அடியிலும் நேர் பின்னாலும் பேட்டரி கூடாது. முதுகில்தான் வைப்பேன் என்று ஒரு கம்பெனி அடம்பிடித்தால், நடுவே தீயும் வாயுவும் தாண்டாத தடுப்பு இருக்கட்டும். அதைக் கம்பெனியின் சொந்த நிபுணர் அல்ல, சர்க்கார் சோதனைச்சாலை எரித்துப் பார்த்துச் சொல்லட்டும். அபாய மணி படுக்கையின் தலைமாட்டில் அடிக்க வேண்டும். வண்டி அணைந்திருந்தாலும் அடிக்க வேண்டும், சார்ஜ் ஏறும்போதும் அடிக்க வேண்டும். பேட்டரி இருக்கும் பக்கமே ஒரே வழியாக இல்லாமல், படுக்கையிலிருந்து இறங்க இரண்டாவது வழி வேண்டும். நசுக்கும் சோதனை லாரிப் பேட்டரிக்கும் வேண்டும். சார்ஜ் நேரம் ஓய்வு நேரமாகாது.

இதற்கெல்லாம் புதுச் சட்டம் வரும்வரை சர்க்கார் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. 9 லட்சத்து 60 ஆயிரம் வரை சலுகை வாங்கும் லாரிக்கு நிபந்தனை போடத்தான் செய்கிறார்கள். பேட்டரிக்கு 5 வருஷம் அல்லது 5 லட்சம் கிலோமீட்டர் கம்பெனி உத்தரவாதம் தர வேண்டும் என்று அந்தத் தாளில் எழுதியிருக்கிறது. அதற்குக் கீழேயே இன்னும் நான்கு வரி எழுத இடம் இருக்கிறது. லாரித் தொழிலாளர் சங்கங்கள் அந்த நான்கு வரியைக் கையில் எடுத்துக்கொண்டு போக்குவரத்து மந்திரியின் ஆபீசுக்கும் கனரகத் தொழில் மந்திரியின் ஆபீசுக்கும் போகட்டும். மில் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் அந்த மனுவில் கையெழுத்துப் போடும்.